ஒரு நூல் விலகிய சக்கரம்

எங்கள் வீட்டில் எல்லாம் மாமா பெயரில்தான். மாமா என்றால் என் மாமனார். தென்காசியில் இருக்கிற லேத் பட்டறை, அதன் மின் இணைப்பு, வீட்டு வரி, காஸ் சிலிண்டர், ஆலங்குளம் ரோட்டில் வாங்கிப் போட்டிருக்கிற மனை, என் வீட்டுக்காரர் ஓட்டுகிற பைக், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். புதிதாக எது வந்தாலும் முதலில் வீட்டுப் பெரியவர் பெயரில் பதிய வேண்டும், அப்போதுதான் விளங்கும் என்பது வழக்கம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் வாங்கிய மிக்ஸியின் வாரண்டி அட்டையில்கூட மாமா பெயரைத்தான் எழுதினார்கள். அவர் இன்றுவரை அதில் ஒரு தேங்காய்ச் சில்லைப் போட்டு அரைத்ததில்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெயர்தான் அவருடையதே தவிர, எதையும் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறவர் இல்லை அவர். ஆனால் என் மண்டைக்குள் பிறந்த ஒன்றுக்கும் அதே வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெருமைப்பட விஷயம் இருக்கிறவள் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

நான் புளியங்குடிக்காரி. அப்பாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த வாசனை பூ வாசனை இல்லை, எலுமிச்சைத் தோல் வாசனைதான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். பிறகு தென்காசி லேத் பட்டறைக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மெஷின் படித்த பெண்ணை மெஷின் வீட்டுக்கே கொடுத்தாயிற்று என்று அப்பாவுக்குத் திருப்தி. வந்த கொஞ்ச நாளிலேயே பட்டறையில் படம் வரைகிற வேலை என் கைக்கு வந்துவிட்டது. மோட்டார் பம்புக்கு உதிரிப்பாகம், அரைவை மில்லுக்கு ஷாஃப்ட் என்று எது செய்வதானாலும் நான் வரைவேன், மாமா லேத்தில் கடைவார், இவர் கொண்டு போய்க் கொடுத்து வருவார். இவர் என்பது என் வீட்டுக்காரர்.

அப்பா கடையில் ஒரு தொல்லை இருந்தது. எலுமிச்சையைப் பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரித்தால்தான் வெளியூர் சந்தையில் மதிப்பு. கையால் பிரிக்க ஆள் கிடைக்காமல் போனபோது அப்பா ஒரு மெஷின் வாங்கினார். இரண்டு கயிறுகள் சக்கரங்களில் மாட்டிப் பக்கம் பக்கமாக ஓடும். ஆரம்பத்தில் நெருக்கமாக, போகப் போக விலகி. மேலே உட்கார்ந்து வருகிற காய், தன் அளவுக்கு இடைவெளி வந்ததும் கீழே விழும். சின்னது முதலில், பெரியது கடைசியில். யோசனை நல்லதுதான். ஆனால் எலுமிச்சை ஒன்றும் பந்து இல்லை. அதற்கு ஒரு மூக்கு உண்டு. கோணலாகத் திரும்பிக்கொண்டால் கயிற்று இடுக்கில் செருகிக்கொண்டு, விழவும் மாட்டாமல் நகரவும் மாட்டாமல் தேய்ந்துகொண்டே போகும்.

சாரல் காலத்தில் இது பெரிய வம்பு. மழையில் நனைந்த காய்க்குத் தோல் விறைத்துக்கொண்டு இருக்கும். லேசாக உரசினாலே தோலில் இருக்கிற எண்ணெய் கசிந்துவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. லாரி வெளியூர் போய்ச் சேருவதற்குள் உரசின இடமெல்லாம் பழுப்புத் தழும்பாகி நிற்கும். அப்பா போனில் புலம்புவார். "மெஷினு காயைப் பிரிக்கலைம்மா, சவட்டுது, மிதிச்சுத் தேய்க்குது" என்பார். நானும் போய்ப் பார்த்தேன். கயிற்றை மாற்றினேன், ரப்பர் உறை போட்டேன், வேகத்தைக் குறைத்தேன். எது செய்தாலும் மூக்கு செருகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குற்றாலம் போனோம். ஞாயிற்றுக்கிழமை பெரிய அருவியில் பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். என் அத்தை, அதாவது மாமியார், என் கையைப் பிடித்துக்கொண்டு முண்டினார். நாங்கள் நேராக முண்ட முண்ட இறுகிப் போய் நின்றோம். அப்போது தலை நிறைய எண்ணெயோடு வாட்டசாட்டமான ஓர் அம்மா எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தார். அவர் யாரையும் தள்ளவில்லை. தோளை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே வந்தார். அந்த உடம்புக்கு இவ்வளவு கூட்டத்தில் வழி கிடைக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிடைத்தது. என்னை உரசாமலேயே என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றார்.

நானும் தோளை ஆட்டிப் பார்த்தேன். நகர முடிந்தது. தண்ணீர் தலையில் தொப்பென்று விழுந்த நேரத்தில் எனக்கு எலுமிச்சை நினைப்பு வந்தது. கயிறு நேராக ஓடுவதால்தானே காய் செருகுகிறது? கயிறே கொஞ்சம் தோளை ஆட்டினால்? ஒரு கயிறு மட்டும், மயிரிழை போல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய் வந்தால்? காய் செருக நேரமே இருக்காதே, தானாகப் படுத்துக்கொள்ளுமே. அப்படியே நின்றுவிட்டேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசிலை ஊதி, "குளிச்சது போதும்க்கா, நகருங்க" என்று சத்தம் போட்டதும்தான் நகர்ந்தேன். நகர்ந்து, சுற்றிக்கொண்டு வந்து, மறுபடியும் கூட்டத்துக்குள் போனேன். சரிபார்க்க வேண்டியிருந்தது.

வெளியே மாமா எப்போதும்போலத் துண்டும் பையும் எங்கள் செருப்பும் காவல் காத்துக்கொண்டு நின்றார். கூட்ட நாளில் அவர் குளிக்க மாட்டார். நான் ஈரத்தோடு ஓடிவந்து, நாங்கள் வந்த வேனின் பின்பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த அழுக்கில் விரலால் படம் போட்டேன். கயிற்றுக்கு இரண்டு கோடு, அதில் ஒன்றை ஓட்டுகிற ஒரு சக்கரம், சக்கரத்தின் மையத்திலிருந்து தள்ளி ஒரு புள்ளி.

"என்னட்டி, கண்ணாடியில கோலம் போடுதே?" என்றார் இவர்.

மாமா மட்டும் குனிந்து பார்த்தார். "சென்டரு விலகி இருக்கே" என்றார்.

"விலகித்தான் இருக்கணும் மாமா" என்றேன்.

மறுநாள் பட்டறையில் அதைக் கடையச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆட்டம் அடிக்காத சக்கரம் கடைகிறவர் என்று பெயர் வாங்கியவர். சுரண்டையிலிருந்தெல்லாம் அதற்காகவே தேடி வருவார்கள். அவரிடம் போய் ஒரு நூல் அளவுக்கு மையத்தை விலக்கிக் கடையுங்கள், சக்கரம் ஆட்டம் அடிக்க வேண்டும் என்றால்? கடைகிற நேரமெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். "எவனாவது பாத்தா எனக்குக் கண்ணு போயிட்டுன்னு சொல்லுவான்" என்று பட்டறைக் கதவைச் சாத்தச் சொன்னார். ஆனால் கடைந்து கொடுத்தது நான் கேட்ட அதே ஒரு நூல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்பா கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். நனைந்த காயாகவே எடுத்துக் கொட்டினோம். கயிறு ஆடுவது கண்ணுக்கே தெரியவில்லை. காய்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, தூக்கம் வந்த பிள்ளைகள் மாதிரி, பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு வந்தன. ஒன்றுகூடச் செருகவில்லை. அந்தக் காயையெல்லாம் தனியாகப் பரப்பி வைத்து, பழுப்பு ஏறுகிறதா என்று காத்திருந்தோம். ஏறவில்லை. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "எம்மா" என்றார். எனக்கு அது போதும்.

காப்புரிமை எடு என்று சொன்னது என் பாலிடெக்னிக் ஆசிரியை. சென்னையில் காப்புரிமை முகவராக இருக்கும் ஒரு பெண்ணின் நம்பரையும் அவரே கொடுத்தார். அவரிடம் பேசியது இவர்தான். அந்தப் பெண் முதல் பேச்சிலேயே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். விண்ணப்பம் போகும் வரை வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாது. ஊருக்குத் தெரிந்துவிட்டால் இது புதிதே இல்லை என்று பல நாடுகளில் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. பஜார் நடுவில் நின்று கூவ வேண்டும்போல இருக்கிறவளை வாயை மூடிக்கொள் என்றால் எப்படி? மூடிக்கொண்டேன்.

முதல் விண்ணப்பம் இந்தியாவுக்கு மட்டும் போயிற்று. படங்கள் என்னுடையவை, விளக்கம் நான் எழுதியது. பெயர் விவரங்களை இவர் மெயிலில் அனுப்பினார். எல்லாம் முடிந்து ரசீது வந்த பிறகுதான் பார்த்தேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் மாமா பெயர். சரி, பட்டறை அவருடையது. கண்டுபிடிப்பாளர் என்ற இடத்திலும் மாமா பெயர்.

"கண்டுபிடிச்சவர் யாருன்னு கேட்டிருக்கே, அங்கன ஏன் மாமா பேரைப் போட்டிய?" என்று கேட்டேன்.

"எல்லாம் அப்பா பேருலதானட்டி இருக்கு. இது மட்டும் எதுக்குத் தனியா? மொத மொத அப்பா பேருல போனாத்தான் விளங்கும்."

"என் பேரு எங்கன இருக்கு?"

"நம்ம வீட்டுக்குள்ள தெரியாதாக்கும்? ஊருக்கு என்னத்துக்கு?"

இவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். இது நல்ல எண்ணம். நல்ல எண்ணத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த வாரம் முழுக்க இவருக்கு மட்டும் சாம்பாரில் உப்பு குறைந்தது. அத்தைதான், "ஏட்டி, மாமாட்ட நேராச் சொல்லேன்" என்றார். எப்படிச் சொல்வது? மாமாவுக்கு இந்த விவரமே தெரியாது. மகன் எந்தத் தாளை நீட்டினாலும் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் கையெழுத்துப் போடுகிறவர். பெரியவரிடம் போய் உங்கள் பெயரை எடுங்கள், என் பெயரைப் போடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. ஆனால் அது எனக்குள் இறுகிக்கொண்டே இருந்தது. மிக்ஸி போகட்டும், மனை போகட்டும், பைக் போகட்டும். இது என்னுடையது. இதில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

முதல் விண்ணப்பம் போட்டு ஒரு வருஷம் முடியப்போகும் சமயம் முகவர் வீடியோ காலில் வந்தார். பட்டறை மேஜையில் லேப்டாப்பை வைத்து நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு வருஷத்துக்குள் வெளிநாடுகளுக்கும் விண்ணப்பித்தால், அங்கேயும் நம் முதல் விண்ணப்பத்தின் தேதியே செல்லும். விட்டுவிட்டால் அந்தத் தேதி போய்விடும். உலகம் முழுமைக்கும் ஒரே காப்புரிமை என்று எதுவும் கிடையாது. சர்வதேச விண்ணப்பம் என்று ஒன்று போடலாம். அது பல நாடுகளில் ஒரே நேரத்தில் நமக்கு இடம் பிடித்து வைக்கும். அதன் பிறகு ஒன்றரை வருஷம் போல அவகாசம் இருக்கும், அதற்குள் எந்தெந்த நாடு வேண்டுமோ அங்கே தனித்தனியாகப் போக வேண்டும்.

மாமா தலையை ஆட்டினார். "பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போடுத மாதிரி" என்றார். "துண்டைப் போட்டாச்சுன்னா சாவகாசமா ஏறலாம். ஆனா ஏறி உக்காரணும். உக்காரலைன்னா எவனாவது துண்டை எடுத்துத் தூரப் போட்டுட்டு உக்காந்துருவான். அப்படித்தானம்மா?"

"கரெக்ட் சார்" என்று முகவர் சிரித்தார். "இனிமே எல்லாருக்கும் நான் இப்படித்தான் சொல்லப்போறேன்."

எந்தெந்த நாடு என்ற பேச்சு வந்தது. இவர் முந்திக்கொண்டார். "துபாய் கண்டிப்பா வேணும். மச்சான் அங்கனதான் இருக்கான். அப்புறம் சிங்கப்பூரு, நம்ம சித்தப்பா மக இருக்கா."

"துபாயில எலுமிச்சை மரம் எங்கன இருக்கு?" என்று கேட்டேன். "உங்க மச்சான் மாடியில தொட்டியில வச்சிருக்காவளா?"

"நம்ம ஆளு இருக்கிற ஊருன்னா ஒரு உதவிக்கு ஆகும்லா."

"இது பாஸ்போர்ட் இல்லங்க. காய் எங்கன விளையுது, எங்கன பிரிக்காவ, எங்கன விக்காவன்னு பாக்கணும். மெக்ஸிகோ, அமெரிக்கா, ஸ்பெயின், துருக்கி."

முகவர் நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பிறகு, அமெரிக்கா என்றால் ஒரு விஷயம் உண்டு என்றார். கண்டுபிடித்தவர் ஓர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இதை முதலில் கண்டுபிடித்தது நானே என்று நம்புகிறேன், தெரிந்தே பொய் சொன்னால் சிறைத்தண்டனை வரை போகலாம் என்பதும் எனக்குத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "சார், அது நீங்க போடணும். அதோட, விளக்கத்தை விரிவா எழுதப்போறேன். இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். "எனக்கா?" என்றார்.

இவர் காதோடு, "குத்தாலத்துல வந்துச்சுன்னு சொல்லுங்கப்பா" என்றார்.

"குத்தாலத்துலன்னு சொல்லலாம்லே. குத்தாலத்துல எந்தப் பக்கம்னு கேட்டா? பொம்பளைங்க குளிக்குத பக்கம்னா சொல்லச் சொல்லுதே? அமெரிக்காக்காரன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

திரையில் முகவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை அடக்கவே இல்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லேப்டாப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எம்மா, நீ சொல்லுத உறுதிமொழி, நம்ம ஊருல சாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவாவள்லா, அந்த மாதிரிதான?"

"அந்த மாதிரிதான் சார்."

"அப்ப நான் பண்ண முடியாதும்மா. இது எனக்குத் தோணினது இல்ல. எம் மருமகளுக்குத் தோணினது. அவ அருவிக்குள்ள நின்னு யோசிச்சா. நான் வெளியில செருப்புக்குக் காவல் நின்னேன்."

முகவரின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அவர் சொன்னார்: "உரிமையாளர் யாரா வேணாலும் இருக்கலாம் சார், கண்டுபிடிச்சவங்க எழுதிக் கொடுத்தாப் போதும். ஆனா கண்டுபிடிப்பாளர்ங்கிற இடம், மரியாதைக்காகப் பேர் போடுற இடம் இல்லை. பொய்ப் பேர் இருந்தா, நாளைக்கு எவனாவது கேஸ் போட்டு மொத்தத்தையும் கவுத்துடலாம். நல்லவேளை இப்பவே சொன்னீங்க, திருத்திடலாம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தச் சக்கரத்தைக் கடைஞ்சது நீங்கதானே? அதுல உங்க யோசனை ஏதாவது சேர்ந்திருந்தா, ரெண்டு பேர் பேரையும் போடலாம்" என்றார்.

அந்தக் கேள்விக்கு மாமா ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் தப்பு என்று சொல்லப்போவதில்லை. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா" என்றார் மாமா. "ஒரு நூலு விலக்கச் சொன்னா, விலக்கினேன். என் யோசனையைக் கேட்டிருந்தா அதை நேராக்கிக் கெடுத்திருப்பேன். நான் வட்டமாக் கடையுதவன்."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, என் பேரை எதுக்குலே போட்டே?"

"எல்லாம் உங்க பேருலதானப்பா இருக்கு..."

"பட்டறை என் பேருல இருக்கலாம். பைக்கு என் பேருல இருக்கலாம். அவ புத்தி எப்படிலே என் பேருல இருக்கும்?"

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் ஓடினேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

அதன் பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. இந்திய விண்ணப்பத்தில் பெயரைத் திருத்தினார்கள். மாமா உரிமையையும் என் பெயருக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பட்டறை அவருடையது, மெஷின் அங்கேதான் தயாராக வேண்டும். கண்டுபிடித்தவள் நான், உரிமையை அவருக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "உரிமை உங்க பேருலயே இருக்கட்டும் மாமா, அதான் விளங்கும்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். இவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை.

உறுதிமொழித் தாளில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கையெழுத்திட்டேன். அத்தை விளக்கேற்றிவிட்டுத்தான் போட விட்டார். அதில் இருந்த ஆங்கிலத்தை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பொய் சொன்னால் ஜெயில் என்ற இடம் வந்ததும், "நமக்கென்ன, தைரியமாப் போடும்மா" என்றார்.

சர்வதேச விண்ணப்பத்தில் இன்னொரு வேடிக்கை. குடும்பப் பெயர் முதலில், அதுவும் பெரிய எழுத்தில் வர வேண்டுமாம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? என்னிடம் இருப்பது ஒரு பெயர், அதற்கு முன்னால் ஓர் எழுத்து. அந்த எழுத்தும் கல்யாணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் இவருடையது. அதை விரித்து அந்த இடத்தில் போட்டால், உலகம் முழுக்க இவர் பெயர்தான் பெரிய எழுத்தில் முன்னால் நிற்கும். முகவரைக் கேட்டேன். ஒற்றைப் பெயர் இருக்கிறவர்கள் அதையே அந்த இடத்தில் போடலாம் என்றார். போட்டேன்.

"என் பேரு ஒரு ஓரத்துலயாவது வரக் கூடாதா?" என்று இவர் கேட்டார்.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில பெரிய எழுத்துல இருக்கு, போதும்" என்றேன். அன்றைக்கு சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

சில மாதங்கள் கழித்துத் தேடல் அறிக்கை வந்தது. நம்மைப் போல வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று உலகம் முழுக்கத் துழாவி, கிடைத்ததையெல்லாம் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து கொடுத்திருப்பார்கள். எக்ஸ் என்று இருந்தால் நம் கதை கந்தல். ஏ என்று இருந்தால், பக்கத்து விஷயம்தான், நம்மை ஒன்றும் செய்யாது. முகவர் சொல்லியிருந்ததால் நான் வேறு எதையும் படிக்காமல் அந்த எழுத்துகளை மட்டும் தேடினேன். ஏ, ஏ, ஏ. எல்லாம் ஏ. அப்பா வாங்கிய கயிறு மெஷினுக்கு எள்ளுத்தாத்தா போன்ற ஒன்றும் அந்த வரிசையில் இருந்தது, அதற்கும் ஏ. கயிற்றைத் தோளாட்ட வைக்க இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லை. யாருக்கும்! இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. பாலிடெக்னிக்கில்கூட நான் இத்தனை ஏ வாங்கியதில்லை.

பிறகு விண்ணப்பம் வெளியானது. யார் வேண்டுமானாலும் கணினியில் தேடிப் பார்க்கலாம். முதல் பக்கத்தில் என் சக்கரத்தின் படம், அதற்கு மேலே கண்டுபிடிப்பாளர் என்று என் பெயர். மாமா அந்தப் பக்கத்தை லாமினேட் பண்ணி, லேத்துக்கு எதிரே மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஒருமுறை சுரண்டையிலிருந்து ஷாஃப்ட் கடைய வந்தவர், "அண்ணாச்சி, உங்க பேரும் போட்டிருக்காவளே" என்று பாராட்டினார்.

"அது சொந்தக்காரன்னு போட்டிருக்கு, தாளுக்காக" என்றார் மாமா. "கண்டுபிடிச்சவ இங்கன பாருங்க, எம் மருமக. நான் கோணலாக் கடைஞ்சு கொடுத்தேன். அதுக்குப் பேரு போட மாட்டாவளாம்."

அவர் அதைக் குறையாகச் சொல்கிற மாதிரி சொன்னார். ஆனால் யார் வந்தாலும் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இப்போது துண்டு போட்ட இடங்களில் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறோம். மெக்ஸிகோவுக்காக எல்லாவற்றையும் ஸ்பானிய மொழியில் மாற்றினார்கள். அமெரிக்காவிலிருந்து கேள்விகள் வந்தன, நான்தான் பதில் எழுதினேன். காப்புரிமைச் சீட்டு இன்னும் கைக்கு வரவில்லை. வரும். துபாய்க்கு மட்டும் போகவில்லை, இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இந்தச் சீசனிலும் குற்றாலம் போனோம். அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பெண்கள் பக்கம் தோளை ஆட்டி ஆட்டி உள்ளே போய், அலுக்கும் வரை நின்றுவிட்டு வந்தேன். வெளியே துண்டும் பையும் செருப்புமாக மாமா. பக்கத்தில் இவர் மணியைப் பார்த்துக்கொண்டு பொருமுவது எனக்குக் கேட்டது. "இவ்வளவு நேரமா ஒருத்தி குளிப்பா? போய்க் கூப்பிடச் சொல்லவாப்பா?"

"சும்மா கெடலே" என்றார் மாமா. "அவ உள்ள யோசிச்சிட்டு இருப்பா."

அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார். துண்டை நீட்டிக்கொண்டே, அவ்வளவு பேருக்கு நடுவில் சத்தமாகக் கேட்டார்.

"என்னம்மா, ஏதாவது தோணிச்சா?"

"இன்னைக்கு ஒண்ணும் தோணலை மாமா."

நீட்டிய துண்டைத் திரும்பத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

"சரி, இன்னொரு தடவ போயிட்டு வா. நாங்க நிக்கோம்."